கம்மந்தான் கான்சாகிபு: கோட்டையைக் காத்தவருக்குத் தூக்குக் கயிறு

சென்னையிலிருந்து ரெயிலில் தெற்கே போகிறவர்கள், செங்கல்பட்டை நெருங்கும்போது ஒரு பெரிய ஏரியைப் பார்ப்பார்கள். அதுதான் கொளவாய் ஏரி. அதை அடுத்து, பழைய கோட்டை ஒன்றின் மதில்கள் சிதைந்து நிற்கின்றன.

விஜயநகர அரசர் காலத்துக் கோட்டை அது.

1758-ம் ஆண்டின் கடைசியில், சென்னையைச் சுற்றி இங்கிலீஷ்காரர் கையில் எஞ்சியிருந்த முக்கியமான கோட்டை இது ஒன்றுதான். இங்கே இரண்டு வீரர்கள் தோளோடு தோள் நின்று போரிட்டார்கள். ஒருவர் வெள்ளைக்காரர். பெயர் பிரஸ்டன். மற்றவர் தமிழர்.

ஐந்து ஆண்டுகள் சென்றன. அதே இருவரும் மதுரைக் கோட்டை மதிலில் எதிர் எதிராக நின்றார்கள். வெள்ளைக்காரர் குண்டடிபட்டு மாண்டார். தமிழர் தூக்கில் தொங்கினார்.

அந்தத் தமிழர்தான் யூசுப்கான். மருதநாயகம் என்றும், கான்சாகிபு என்றும் நாம் அறிந்த மாவீரர்.

பனையூர்ப் பிள்ளை

கான்சாகிபு பிறந்தது ராமநாதபுரம் சீமையில் உள்ள பனையூர். சுமார் 1725-ம் ஆண்டு, வேளாளர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மருதநாயகம்.

இளம் வயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். இஸ்லாம் மதத்தில் சேர்ந்தார். யூசுப்கான் என்று பெயர் பெற்றார். பிழைப்புத் தேடிப் பல ஊர்களில் அலைந்தார். கடைசியில் கத்தியே அவருக்குத் தொழில் ஆயிற்று.

அது யுத்த காலம். ஆர்க்காட்டு நவாபு பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் சந்தாசாகிபு. அவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. மற்றவர் முகமது அலி. அவருக்கு இங்கிலீஷ் கும்பினியார் துணை.

கும்பினி என்பது வியாபாரக் கம்பெனிதான். ஆனால் வியாபாரிகளே பட்டாளம் வைத்துச் சண்டை போட்ட காலம் அது.

1752-ம் ஆண்டு யூசுப்கான் ஒரு சிப்பாய்க் கூட்டத்தின் தலைவராகக் கும்பினிப் படையில் சேர்ந்தார். முதலில் கிளைவுக்குக் கீழே வேலை பார்த்தார். பிறகு தளபதி லாரன்சின் கீழே வந்தார்.

அதே 1752-ல்தான் கிளைவ் கோவளம் கோட்டையையும், செங்கல்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார். பின்னால் யூசுப்கானின் பெயரை உயர்த்தப் போவது இந்தச் செங்கல்பட்டுக் கோட்டைதான்.

பொய்க் கடிதம்

திருச்சிராப்பள்ளியில் நீண்ட முற்றுகை நடந்தது. கோட்டைக்குள் அரிசி போக வேண்டும்; குண்டு மருந்து போக வேண்டும். வழி எல்லாம் எதிரிகள். அந்த வழியில் தானிய வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டு வருவது யூசுப்கானின் வேலை.

காடு மேடு எல்லாம் அவருக்குத் தெரியும். ஊர் ஊராக ஒற்றர்களை வைத்திருந்தார். எதிரி எங்கே படுத்திருக்கிறான், எப்போது எழுந்து வருவான் என்பது அவர் காதுக்கு முன்கூட்டியே வந்துவிடும். லாரன்ஸ் அவரைப் பெரிதும் நம்பினார்.

நம்பிக்கை வளர்ந்தால் பொறாமையும் வளரும் அல்லவா?

லாரன்சின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன் என்பவர். அவர் எதிரிகளுக்கு ரகசியங்களை விற்று வந்தார். யூசுப்கானை ஒழித்தால் தமக்கு ஆபத்து இல்லை என்று எண்ணினார். யூசுப்கான் மைசூர்க்காரரோடு சேர்ந்து சதி செய்வதுபோல ஒரு பொய்க் கடிதம் தயாராயிற்று.

கடிதம் வெள்ளைக்காரர் கையில் சிக்கியது. யூசுப்கான் மீது சந்தேகம் விழுந்தது. விசாரணை நடந்தது. ஆனால் துருவிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

யூசுப்கான் தப்பினார். தப்பியது மட்டுமல்ல, உயர்ந்தார். 1754-ல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தலைவரானார். கமாண்டன்ட் என்ற அந்தப் பதவியைத் தமிழ் மக்கள் கம்மந்தான் என்றார்கள். கம்மந்தான் கான்சாகிபு என்ற பெயர் அன்று முதல் நிலைத்தது. கும்பினியார் அவருக்குத் தங்கப் பதக்கமும் கொடுத்தார்கள்.

பிரசிடென்டு பிகட்

சென்னைக் கோட்டையில் கும்பினியின் தலைவருக்கு அந்நாளில் இரண்டு பட்டம். ஒன்று கவர்னர், இன்னொன்று பிரசிடென்டு. அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு கவுன்சில் உண்டு. பிரசிடென்டு இருந்து ஆண்ட பகுதி ஆனதால்தான், பிற்காலத்தில் சென்னை ராஜதானிக்கு பிரசிடென்சி என்று பெயர் வந்தது.

1755-ம் ஆண்டு பிரசிடென்டு ஆனவர் ஜார்ஜ் பிகட்.

அந்த ஆண்டில்தான் ஹெரான் என்ற வெள்ளைக்காரக் கர்னல், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் படையோடு போனார். கான்சாகிபும் கூடப் போனார். கர்னல் பாளையக்காரரிடம் பணம் பறித்தார். அதில் பெரும் பகுதி அவருடைய சொந்தப் பைக்குப் போயிற்று. ராணுவக் கோர்ட்டு விசாரித்து அவரை வேலையிலிருந்து நீக்கியது. அந்த ஊழல் அம்பலமானதில் கான்சாகிபு சொன்ன தகவல்களுக்குப் பங்கு உண்டு.

தெற்குச் சீமையில் நம்பிக்கையான ஆள் யார் என்ற கேள்வி எழுந்தது. கண்முன்னே நின்றவர் கான்சாகிபு. 1756-ல் அவர் மறுபடியும் தெற்கே போனார். 1757-ல் மதுரைக் கோட்டை கும்பினி கைக்கு வந்தது.

செங்கல்பட்டில் இருவர்

1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியில் வந்து இறங்கினார். கடலூர்க் கோட்டையைப் பிடித்தார். அடுத்த குறி சென்னை.

புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கடலோர வழி. சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம் வழியாக மயிலாப்பூருக்கு அது வரும். மற்றொன்று உள்நாட்டு வழி. அந்த வழிக்குப் பூட்டுப் போட்டதுபோல நின்றது செங்கல்பட்டுக் கோட்டை.

லாலி அவசரக்காரர். செங்கல்பட்டைப் பிடிக்காமலே சென்னைக்குப் போய்விட்டார். அது பெரிய தவறு என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

1758 டிசம்பரில் சென்னை முற்றுகை தொடங்கியது. கோட்டைக்குள்ளே பிகட்டும் லாரன்சும் இருந்தார்கள். வெளியே செங்கல்பட்டில் பிரஸ்டன் இருந்தார். தெற்கேயிருந்து கான்சாகிபு தம்முடைய சிப்பாய்களோடு வந்து பிரஸ்டனுடன் சேர்ந்தார்.

இருவரும் லாலியைத் தூங்க விடவில்லை. இன்று ஓரிடத்தில் தாக்குவார்கள். நாளை வேறோர் இடத்தில் தோன்றுவார்கள். பிரெஞ்சுக்காரருக்கு வரும் மாடுகளையும் தானியத்தையும் வழிமறிப்பார்கள். துரத்தினால் செங்கல்பட்டுக்குப் போய்விடுவார்கள். ஓரிடத்தில் விரட்டினால் மற்றோர் இடத்தில் வந்து மொய்க்கும் ஈக்கள் என்று லாலி அவர்களை நினைத்து அலுத்துக் கொண்டாராம்.

1759 பிப்ரவரி 9-ந் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் பெரிய சண்டை நடந்தது. கும்பினிப் படைக்குக் கேலியாடு என்ற தளபதி தலைமை ஏற்றார். பிரஸ்டனும் கான்சாகிபும் அவரோடு நின்றார்கள். பகல் முழுவதும் சண்டை. மாலையில் பிரெஞ்சுப் படை பின்வாங்கியது.

ஒரு வாரத்தில் இங்கிலீஷ் கப்பல்கள் சென்னைக் கடலில் தெரிந்தன. பிப்ரவரி 17-ந் தேதி லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போனார்.

சென்னை தப்பியது. அதைத் தப்பவைத்தவர்களில் பனையூர் மருதநாயகமும் ஒருவர்.

மதுரையின் அதிபதி

1759-ல் கான்சாகிபு மதுரைக்குத் திரும்பினார். இப்போது வெறும் படைத்தலைவர் அல்ல. மதுரையையும் திருநெல்வேலியையும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு எடுத்திருந்தார். வரி வசூல் அவர் கையில். பட்டாளம் அவர் கையில். வழக்கு, தண்டனை எல்லாம் அவர் கையில்.

சிப்பாயாக வந்தவர் ஒரு சீமைக்கே அதிபதி ஆனார்!

அவருடைய ஆட்சி கடுமையானது. வரி கொடுக்க மறுத்த பாளையக்காரர்களை அடக்கினார். கும்பினியை எதிர்த்து நின்ற நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் கோட்டைகளையும் 1761-ல் பிடித்தார். இன்று நாம் இருவரையும் வீரர்கள் என்று போற்றுகிறோம். அன்று அவர்கள் ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போரிட்டார்கள் என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் உழவனும் நெசவாளியும் அவர் ஆட்சியில் நிம்மதியாக இருந்தார்கள். ஏரிகளையும் கால்வாய்களையும் பழுது பார்த்தார். வழிப்பறியை ஒடுக்கினார். மதம் மாறியவர் ஆனாலும் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு நின்றுபோன மானியத்தை மறுபடியும் கொடுத்தார். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு உண்டு. அது அவர் பெயரால் வந்ததுதான்.

யாருடைய வேலைக்காரர்?

இவ்வளவு அதிகாரம் இருந்தும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை இல்லை.

கான்சாகிபு யாருடைய வேலைக்காரர்?

பதக்கம் கொடுத்தது கும்பினி. படையில் உயர்த்தியது கும்பினி. குத்தகை கொடுத்ததும் கும்பினி. ஆனால் மதுரைச் சீமை தமக்குச் சொந்தம் என்றார் நவாபு முகமது அலி. தம் சீமையில் இருப்பவர் தமக்கே அடங்கி நடக்க வேண்டும் என்றார். தொடக்கத்திலிருந்தே கான்சாகிபை அவருக்குப் பிடிக்கவில்லை.

யுத்தம் நடந்தவரை கும்பினிக்குக் கான்சாகிபு தேவைப்பட்டார். அதனால் இந்தக் கேள்வியை யாரும் எழுப்பவில்லை.

1761-ல் புதுச்சேரி வீழ்ந்தது. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முகமது அலியே கர்நாடகத்தின் நவாபு என்று அதில் எழுதப்பட்டது. எங்கோ பாரிசில் எழுதிய ஒரு வரி, மதுரையில் இருந்தவரின் தலையில் விழுந்தது!

அதே 1763-ல் நவாபு கும்பினிக்கு ஒரு பெரிய நிலப்பரப்பை ஜாகீராக விட்டுக்கொடுத்தார். அதுதான் செங்கல்பட்டுச் சீமை. கான்சாகிபு எந்தக் கோட்டையில் நின்று கும்பினியைக் காத்தாரோ, அந்தச் சீமை கும்பினியின் சொத்து ஆயிற்று. காத்தவரோ கும்பினிக்கு வேண்டாதவர் ஆனார்.

நவாபுக்குக் கீழ்ப்படியக் கான்சாகிபு மறுத்தார். கூடுதல் குத்தகைப் பணம் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. சென்னைக்கு வரும்படி உத்தரவு வந்தது. போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று அவருக்குத் தெரியும். போகவில்லை.

மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மார்ச்சண்டு என்ற பிரெஞ்சு அதிகாரி கொஞ்சம் வீரர்களோடு அவருக்குத் துணையாக வந்தார்.

பிகட் விலகினார்

1763-ல் கும்பினிப் படையும் நவாபின் படையும் மதுரையை வளைத்தன. கோட்டை அசையவில்லை. ஐப்பசி மழை கொட்டியது. நவம்பரில் படைகள் முற்றுகையை விட்டு விலகின.

அதே நவம்பரில் சென்னையில் ஒரு மாற்றம். பிரசிடென்டு பிகட் பதவியை விட்டு விலகி, இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்.

கான்சாகிபு மீது படை அனுப்பியது பிகட்டின் கவுன்சில்தான். ஆனாலும் 1759 முற்றுகையில் கோட்டைக்குள் இருந்தவர் பிகட். செங்கல்பட்டுப் படை செய்த உதவியைக் கண்ணால் கண்டவர். அவர் போன பிறகு, பழைய கணக்கை நினைத்துச் சமாதானம் பேசக்கூடிய ஒருவர் பிரசிடென்டு நாற்காலியில் இல்லை.

புதிய பிரசிடென்டு ராபர்ட் பாக். முன்பு பாதிரியாராக இருந்தவர். நமக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாக் ஜலசந்திக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

முதன்முதலில் வேலை கொடுத்த கிளைவ் இங்கிலாந்தில் இருந்தார். லாரன்ஸ் சென்னையில் சேனாதிபதியாக இருந்தார். ஆனால் யுத்தம் நிற்கவில்லை. 1764-ல் முன்னிலும் பெரிய படை மதுரைக்கு வந்தது. தலைமை வகித்தவர் மேஜர் காம்பெல். அந்தப் படையில் செங்கல்பட்டுப் பிரஸ்டனும் இருந்தார்.

மதிலில் சந்திப்பு

1764 ஜூன் 26-ந் தேதி. கும்பினிப் படை மதுரை மதிலை உடைத்து ஏறப் பார்த்தது. கான்சாகிபு கோட்டைக்குள்ளே நின்று, தாமே முன்னின்று சண்டையை நடத்தினார்.

தாக்க வந்தவர்கள் ஏராளமாக மாண்டார்கள். பிரஸ்டனும் படுகாயம் அடைந்தார். அந்தக் காயத்திலேயே உயிர் விட்டார். ஒரு காலத்தில் ஒரே கோட்டையிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள்! பதவியும் உத்தரவும் அவர்களை இப்படி மதிலின் இரண்டு பக்கத்தில் நிறுத்திவிட்டன.

போரில் கோட்டையைப் பிடிக்க முடியாது என்று காம்பெல் கண்டுகொண்டார். பட்டினி போட்டுப் பிடிக்கலாம் என்று வழிகளை எல்லாம் அடைத்தார்.

மாதங்கள் ஓடின. கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. சிப்பாய்கள் பசியால் வாடினார்கள். பசி வந்த இடத்தில் துரோகமும் வந்தது.

துரோகம்

கான்சாகிபின் திவான் சீனிவாசராவ், வைத்தியர் பாபாசாகிபு, பிரெஞ்சு அதிகாரி மார்ச்சண்டு ஆகிய மூவரும் கூடிப் பேசினார்கள். கான்சாகிபைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தாங்கள் தப்புவதுதான் திட்டம்.

அக்டோபர் 13-ந் தேதி. கான்சாகிபு தொழுகையில் இருந்தார். கையில் ஆயுதம் இல்லை. திடீரென்று பாய்ந்து அவரைப் பிடித்தார்கள். அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே அவரைக் கட்டினார்கள்.

கும்பினிப் பீரங்கிகளால் பிடிக்க முடியாதவரை ஒரு முழத் துணி பிடித்துவிட்டது!

அவர் நவாபு கைக்குப் போனார். முறையான விசாரணை கிடையாது. கும்பினி தடுக்கவும் இல்லை. அக்டோபர் 15-ந் தேதி மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் கம்மந்தான் கான்சாகிபைத் தூக்கில் போட்டார்கள். அவருக்கு அப்போது வயது சுமார் 40. பழைய எசமானர் கிளைவ் அந்த நேரத்தில் இந்தியாவை நோக்கிப் பயணத்தில் இருந்தார்.

இறந்த பிறகும் நவாபுக்குப் பயம் தீரவில்லை. உடலைத் துண்டு துண்டாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்களாம். தூக்குக் கயிறு இரண்டு முறை அறுந்தது என்றும் ஒரு கதை உண்டு. கான்சாகிபு சண்டை என்ற நாட்டுப்பாடல் அவருடைய கதையைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றது.

பிரசிடென்டுக்கும் அதே கதி

பிகட் என்ன ஆனார் தெரியுமா?

இங்கிலாந்தில் பிரபு பட்டம் பெற்றார். 1775 டிசம்பரில் மறுபடியும் சென்னைக்குப் பிரசிடென்டாக வந்தார். நவாபு பிடித்து வைத்திருந்த தஞ்சாவூரை அதன் அரசர் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆத்திரம் வந்தது. தஞ்சாவூர் போனால் தங்கள் கடன் எப்படித் திரும்பும்? கவுன்சிலில் பெரும்பாலோர் பிகட்டுக்கு எதிராகத் திரும்பினார்கள்.

1776 ஆகஸ்டு 24-ந் தேதி மாலை. பிகட், கர்னல் ஸ்டூவர்ட்டு என்ற ராணுவ அதிகாரியுடன் ஒரே வண்டியில் போய்க் கொண்டிருந்தார். நண்பர்போல் பேசிவந்த கர்னலின் ஏற்பாட்டால் வழியில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். பிரசிடென்டைக் கைது செய்தார்கள்!

எங்கே கொண்டு போய் வைத்தார்கள்? பரங்கிமலையில்! 17 ஆண்டுகளுக்கு முன் பிகட்டைக் காப்பாற்றக் கான்சாகிபு ரத்தம் சிந்திய அதே இடம்.

பிகட் விடுதலை ஆகவில்லை. காவலிலேயே நோய்வாய்ப்பட்டு, 1777 மே 11-ந் தேதி இறந்தார். அவரை விடுவித்து மீண்டும் பதவியில் அமர்த்தும்படி இங்கிலாந்திலிருந்து உத்தரவு வந்தபோது காலம் கடந்துவிட்டது.

செங்கல்பட்டைப் பிடிக்காமல் போன லாலியின் கதையும் இப்படித்தான் முடிந்தது. தோற்றவர் என்பதற்காகச் சொந்த நாட்டிலேயே துரோகி என்று குற்றம் சாட்டி, 1766-ல் பாரிசில் அவர் தலையை வெட்டினார்கள்.

சட்டம் இல்லாத அதிகாரம்

கான்சாகிபு, லாலி, பிகட். மூன்று பேரும் பெரிய அதிகாரம் வகித்தவர்கள். மூன்று பேரையும் வீழ்த்தியது எதிரி அல்ல. அவர்கள் யாருக்காக வேலை பார்த்தார்களோ அவர்கள்தான்.

காரணம் என்ன? அந்நாளில் அதிகாரம் சட்டத்தில் இல்லை. நாலு பேர் கையில் இருந்தது. பட்டாளம் யார் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும், பதவியில் இருப்பவரை யார் நீக்கலாம், நீக்கப்பட்டவர் யாரிடம் முறையிடலாம் என்பதற்கெல்லாம் நிலையான விதி இல்லை. ஆதரித்தவர் கப்பல் ஏறிப் போனால், ஆதரவும் கப்பல் ஏறிவிடும்.

இன்று நம் நாட்டில் ஜனாதிபதி ராஜினாமா செய்தால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. உடனே உப ஜனாதிபதி அந்தப் பொறுப்பைப் பார்ப்பார். ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும். முப்படைத் தளபதிகள் யாரும் அதில் தலையிட முடியாது. இது சாதாரண விஷயமாக நமக்குத் தோன்றலாம். கான்சாகிபின் கதையைப் படித்த பிறகு, அதன் அருமை விளங்கும்.

மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையில் சம்மட்டிபுரம் இருக்கிறது. அங்கே கான்சாகிபின் சமாதி உள்ளது. அதன்மேல் 1808-ல் ஒரு சிறு பள்ளிவாசல் எழுந்தது. அவர் மானியம் கொடுத்த மீனாட்சி கோயிலும், அவர் அடங்கிய அந்தச் சமாதியும் ஒரே ஊரில் இருக்கின்றன.